இணையவழிப் பட்டமும் பின்வரிசை நாற்காலியும்

வாசகர் கேள்வி: எனக்கு வயது 42. சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் வட்டாரத்தில் உள்ள ஒரு பாலர் பராமரிப்பு நிலையத்தில் ஏழு ஆண்டுகளாகத் துணை ஆசிரியராக வேலை செய்கிறேன். பலதுறைத் தொழிற்கல்லூரியில் மின்னணுவியல் பட்டயம் பெற்றவள். சாதாரண நிலைத் தேர்வில் தமிழில் ஏ2. எங்கள் நிலையத்தில் தமிழாசிரியர் யாரும் ஓராண்டுக்கு மேல் நிலைப்பதில்லை. ஆள் இல்லாத மாதங்களில் தமிழ் வகுப்பை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். “இணையவழியாக ஒரு பட்டம் வாங்கிவிடுங்கள், உங்கள் கவலையும் தீரும், என் கவலையும் தீரும்” என்கிறார் எங்கள் தலைமையாசிரியர். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் முகவர், வீட்டிலிருந்தபடியே இரண்டு ஆண்டுகளில் கல்வியியல் பட்டம் பெறலாம், மொத்தக் கட்டணம் 9,500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்கிறார். கணவருக்குத் துறைமுகத்தில் ஷிப்ட் வேலை. பிள்ளைகள் தொடக்கநிலை இரண்டிலும் ஐந்திலும் படிக்கிறார்கள். இதில் சேரலாமா? பிற்பாடு அரசாங்கப் பள்ளியில் தமிழாசிரியராக முடியுமா? இத்தகைய படிப்புகளால் ஆசிரியர் பற்றாக்குறை உண்மையிலேயே குறைகிறதா, அல்லது இதுவும் ஒரு வியாபாரந்தானா?

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். முகவரிடம் இன்னும் முன்பணம் கட்டவில்லை என்று உங்கள் கடிதத்திலிருந்து ஊகிக்கிறேன். இந்தப் பதிலைப் படித்து, இதில் சொல்லியிருக்கும் இடங்களில் விசாரித்து முடிக்கும்வரை கட்டாமலே இருங்கள். இணையவழிப் படிப்பை நான் குறைத்து மதிப்பிடுபவன் அல்லன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழாசிரியராகவும், பின்னர் புதிய ஆசிரியர்களுக்கு வழிகாட்டியாகவும் இருந்த காலத்தில், பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு இரவு பத்து மணிக்குமேல் கணினியைத் திறந்து படித்து நல்லாசிரியர் ஆனவர்களை நேரில் அறிவேன். அவர்கள் எல்லாருக்கும் பொதுவாக ஒன்று இருந்தது. படிப்பில் சேர்ந்த நாளிலேயே அவர்கள் கையில் ஒரு வகுப்பறை இருந்தது. அதன் பின்வரிசையில் அவ்வப்போது வந்து உட்கார்ந்து, அவர்கள் கற்பிப்பதைக் கவனித்து, பிறகு தனியே கூப்பிட்டுப் பேசும் ஒருவரும் இருந்தார். உங்கள் முகவரின் படிப்பில் இந்த இரண்டாமவர் யார் என்பதே நான் கேட்கும் முதல் கேள்வி.

அரசாங்கப் பள்ளியைப் பற்றிய கேள்விக்கு முதலில் வருகிறேன். சிங்கப்பூரில் கல்வி அமைச்சின் பள்ளிகளுக்கு ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் இடம் தேசியக் கல்விக் கழகம். 1950-இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கி, 1973-இல் கல்விக் கழகமாகி, 1991 முதல் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் அங்கமாக அது இயங்கிவருகிறது. பட்டதாரி ஒருவர் தமிழாசிரியராக விரும்பினால் முதலில் கல்வி அமைச்சுக்கு விண்ணப்பிக்கிறார். நேர்முகத் தேர்வில் தேறி, பள்ளி ஒன்றில் சிறிது காலம் இருந்து, இந்த வேலை தமக்குப் பொருந்துகிறதா என்று அவரும் பார்க்கிறார், அவர் பொருந்துகிறாரா என்று பள்ளியும் பார்க்கிறது. அதன்பிறகே கழகத்துக்கு அனுப்பப்படுகிறார். பயிற்சிக் காலத்தில் அவருக்குச் சம்பளம் உண்டு, கட்டணத்தை அமைச்சு ஏற்கிறது, பயிற்சி முடிந்தபின் குறிப்பிட்ட ஆண்டுகள் பணியாற்றுவதாக அவர் ஒப்பந்தம் எழுதித் தருகிறார். ஆக, இங்கே வேலைக்கு எடுத்துக்கொள்வது முதலில், ஆசிரியர் பயிற்சி பிறகு. முகவர் உங்களுக்கு விற்க வருவது இந்த வரிசையைத் தலைகீழாக்கிய ஒன்று. சொந்தப் பணத்தில் வெளிநாட்டுக் கல்வியியல் பட்டத்தை வாங்கிவைத்துக்கொண்டு கதவைத் தட்டினாலும், கதவு திறந்த பிறகு பெரும்பாலும் கழகத்தின் பயிற்சிக்குத்தான் போகவேண்டியிருக்கும். அமைச்சு பெரும்பாலும் எதிர்பார்ப்பது பாடத்தில் ஆழம் தரும் ஒரு முதற்பட்டம். உங்களிடம் இருப்பது மின்னணுவியல் பட்டயம். அதன்மேல் ஒட்டவைக்கும் இரண்டாண்டுக் கல்வியியல் பட்டத்தில் தொல்காப்பியமும் இருக்காது, இக்கால இலக்கியமும் இருக்காது, எழுத்துக்கும் பேச்சுக்கும் உள்ள உறவைப் பற்றிய மொழியியலும் இருக்காது. தமிழாசிரியரை நேர்முகம் காண்போர் கேட்பது இவற்றைத்தான்.

பாலர் நிலையத்தின் கணக்கு வேறு. அங்கே ஆசிரியர்களின் தகுதியைப் பார்ப்பது 2013-இல் அமைக்கப்பட்ட பாலர் பருவ மேம்பாட்டு அமைப்பு. அது ஏற்கும் பாலர்கல்விச் சான்றிதழ்களும் பட்டயங்களும் எவை என்பது முன்கூட்டியே தெரிந்த விஷயம். உங்கள் தலைமையாசிரியர் “ஒரு பட்டம்” என்று பொதுவாகச் சொல்லியிருக்கிறார். எந்தப் பட்டம், அதனால் உங்கள் பதவியும் சம்பளமும் எந்த நிலைக்கு மாறும் என்று அவர் சொன்னதாக உங்கள் கடிதத்தில் இல்லை. பட்டம் பெற்ற பிறகும் நீங்கள் துணை ஆசிரியராகவே பதிவில் இருக்க நேர்ந்தால், அவர் கவலை மட்டும் பாதி தீர்ந்திருக்கும்.

இந்தியாவிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. தாளில் எழுதிய தகுதிக்கு என்ன நேரலாம் என்பதை அது காட்டுவதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபோது, பயிற்சி பெறாத ஆசிரியர்கள் லட்சக்கணக்கில் பள்ளிகளில் இருந்தார்கள். அவர்கள் தகுதி பெற ஐந்தாண்டுத் தவணை தரப்பட்டது. அது போதாமல், 2017-இல் சட்டத்தைத் திருத்தி 2019 மார்ச் 31 வரை நீட்டித்தார்கள். அத்தனை பேரை அவ்வளவு குறுகிய காலத்தில் எந்தக் கல்லூரியாலும் பயிற்றுவிக்க முடியாது என்பதால், தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் ‘ஸ்வயம்’ இணையத்தளத்தின் வழியாகப் பதினெட்டு மாதத் தொடக்கக்கல்விப் பட்டயத்தை நடத்தியது; 13 லட்சத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்தார்கள். எண்ணிக்கையைப் பார்த்தால் இதைவிடப் பெரிய வெற்றி இருக்க முடியாது. பிறகு அதே பட்டயத்தைக் காட்டி அரசுப் பள்ளிகளில் புதிய வேலைக்கு விண்ணப்பித்தவர்களுக்குச் சிக்கல் தொடங்கியது. பதினெட்டு மாதப் பட்டயம் வழக்கமான இரண்டாண்டுப் பட்டயத்துக்கு ஈடாகாது என்று உச்ச நீதிமன்றம் 2023 நவம்பரில் தீர்ப்பளித்தது. 2017 ஆகஸ்டில் ஏற்கெனவே பணியில் இருந்து உரிய காலத்துக்குள் படித்து முடித்தவர்களுக்குப் பொருந்தும் விளக்கம் 2024 டிசம்பரில்தான் வந்தது. இடைப்பட்ட காலத்தில் எத்தனை குடும்பங்கள் நீதிமன்றத் தேதிகளை எண்ணிக்கொண்டிருந்தன என்று நினைத்துப் பாருங்கள். வகுப்பறையில் ஏற்கெனவே நிற்பவரைத் தகுதியாக்குவதற்காக வகுத்த படிப்பு அந்த வேலையைச் செய்தது; அதையே நுழைவுச்சீட்டாகப் பயன்படுத்த முனைந்தபோது வழக்கானது.

இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைக் கல்வியியல் பட்டத்திலும் இதே அறிவு தெரிகிறது. தொடக்கக்கல்வியில் பயிற்சி பெற்றுப் பணியில் இருப்போர், அல்லது நேரடி வகுப்பில் ஆசிரியர் பயிற்சி ஒன்றை முடித்தவர்கள் ஆகியோரையே அது சேர்த்துக்கொள்கிறது. நேரில் வந்து கலந்துகொள்ளும் பயிலரங்குகளும் பள்ளியில் செய்யும் பயிற்சியும் கட்டாயம். வீட்டைவிட்டு ஓரடிகூட வெளியே வைக்காமல் ஆசிரியராகலாம் என்று உங்கள் முகவர் சொல்வதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அமெரிக்காவில் இந்த முயற்சி இன்னும் பெரிய அளவில் நடக்கிறது. 1997-இல் மேற்கு மாநிலங்களின் ஆளுநர்கள் கூடி நிறுவிய வெஸ்டர்ன் கவர்னர்ஸ் பல்கலைக்கழகம் முழுக்க இணையவழியில் நடப்பது. அந்நாட்டில் மிக அதிக எண்ணிக்கையில் ஆசிரியர்களை உருவாக்கும் நிறுவனங்களில் அதுவும் ஒன்று. பருவத்துக்கு ஒரே கட்டணம் செலுத்தி, ஒவ்வொரு பாடத்திலும் திறனைக் காட்டியதும் அடுத்ததற்கு நகரலாம் என்ற அதன் முறை, பகலில் வேலை செய்யும் தாய்மார்களுக்கு வசதியாக இருக்கிறது. ஆனால் உரிமம் பெறும் படிப்பில் அவர்களும், தத்தம் ஊரில் உள்ள பள்ளியில் குறைந்தது பன்னிரண்டு வாரங்கள் ஓர் ஆசிரியரின் மேற்பார்வையில் நின்று கற்பித்தாக வேண்டும். டென்னசி மாநிலம் இன்னும் ஒரு படி மேலே போனது. கிளார்க்ஸ்வில் பகுதியின் பள்ளி நிர்வாகமும் ஆஸ்டின் பே மாநிலப் பல்கலைக்கழகமும் சேர்ந்து, உங்களைப் போன்ற துணை ஆசிரியர்களுக்குச் சம்பளத்தோடு கூடிய இலவசப் பட்டப்படிப்பை நடத்தின. 2022 ஜனவரியில் மத்திய அரசு அதை முறைப்படி ‘பழகுநர் பயிற்சி’யாக ஏற்றபோது, ஆசிரியத் தொழிலுக்கு அத்தகைய ஏற்பு கிடைத்த முதல் மாநிலம் அதுவாயிற்று. தச்சரும் மின்பணியாளரும் பழகிய முறையில் ஆசிரியரும் பழகலாம் என்பதை ஒரு நாட்டு அரசாங்கம் ஒப்புக்கொள்ள இத்தனை காலம் பிடித்திருக்கிறது. நம் ஊர்த் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை இளைய மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தே வாத்தியாரானது நினைவுக்கு வருகிறது.

பின்வரிசை நாற்காலியைப் பற்றி இவ்வளவு பிடிவாதமாக நான் பேசுவதற்கு ஒரு காரணம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன், பயிற்சியில் இருந்த இளம் ஆசிரியை ஒருவரின் தொடக்கநிலை மூன்று வகுப்பில் உட்கார்ந்திருந்தேன். பாடத்திட்டம் பழுதில்லாமல் எழுதியிருந்தார். படங்கள், அட்டைகள், குறுங்காணொளி எல்லாம் தயார். “இந்தப் பாட்டி ஏன் சந்தைக்குப் போனார்?” என்று கேட்டார். கேட்ட மூச்சு அடங்குவதற்குள் விடையையும் அவரே சொல்லிவிட்டார். அரை மணி நேரத்தில் இப்படிப் பதினொரு கேள்விகள். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டிருந்தேன். எதற்கும் அவர் இரண்டு நொடிகூடக் காத்திருக்கவில்லை. பிறகு அந்தத் தாளைக் காட்டியபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. “அமைதியாக இருந்தால் பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று நீங்கள் நினைத்துவிடுவீர்களோ என்று பயந்தேன், ஐயா” என்றார். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களிலேயே இதை அளந்து எழுதியிருக்கிறார்: ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள், அதை மூன்று நொடியாக்கினால் மாணவர்களின் பதில்கள் நீள்கின்றன, பேசாத பிள்ளைகளும் பேசத் தொடங்குகிறார்கள். அந்த ஆசிரியை இந்த ஆய்வைப் படித்திருந்தார், தேர்விலும் எழுதியிருந்தார். தாமே அதைச் செய்துகொண்டிருக்கிறோம் என்பது மட்டும் அவருக்குத் தெரியவில்லை. வீட்டில் ஆங்கிலமே பேசும் பிள்ளைக்குத் தமிழ்ச் சொல் நினைவுக்கு வர அந்த மூன்று நொடிகூடப் போதாது என்பதால், நமக்கு இது இன்னும் முக்கியம்.

இணையவழிப் படிப்பால் இதைச் செய்ய முடியாது என்று நான் சொல்லவில்லை. வகுப்பைப் பதிவு செய்து அனுப்பச் சொல்லி, வழிகாட்டி அதைப் பார்த்து, “நான்காவது நிமிடத்தில் அந்தச் சிறுவன் வாயைத் திறந்தான், நீங்கள் கவனித்தீர்களா?” என்று குறிப்பெழுதும் படிப்புகள் இருக்கின்றன. ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போகும் மேற்பார்வையாளரைவிட இது சில சமயம் பயனுள்ளதாகவே இருக்கும். ஆனால் பாலர் நிலையத்தில் பிள்ளைகளைப் படம் பிடிக்கப் பெற்றோரின் ஒப்புதலும் நிலையத்தின் எழுத்துவழி அனுமதியும் வேண்டும். அதை வாங்கித்தர உங்கள் தலைமையாசிரியர் ஆயத்தமா என்பதைச் சேர்வதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

இனி உங்கள் நிலைமைக்கு வருகிறேன். உங்களிடம் ஏழு ஆண்டு வகுப்பறை இருக்கிறது. புதிதாகப் பட்டம் பெற்று வருபவரிடம் அது இல்லை. ஆகவே என் கருத்தில், முதற்படி பாலர்கல்விப் பட்டயம். 2019-இல் தொடங்கிய தேசியப் பாலர் பருவ மேம்பாட்டுக் கழகத்தில், வேலையில் இருப்போர் பகுதிநேரமாகப் படிக்கும் வழிகளையும், அவற்றுள் தமிழ் கற்பிப்பவருக்கு ஏற்றது எது என்பதையும், உங்கள் பழைய பட்டயத்துக்கு ஏதேனும் விலக்கு உண்டா என்பதையும் நேரில் கேளுங்கள். அங்கே படித்தால் பகலில் செய்யும் வேலையே உங்கள் பயிற்சிக்களமாகும், முடித்ததும் பதவி உயர வழியும் பிறக்கலாம்.

பட்டம்தான் வேண்டும், பள்ளிக்குத்தான் போகவேண்டும் என்று உள்ளம் சொன்னால், சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தின் தமிழ்மொழி, இலக்கியப் பட்டப்படிப்பைப் பாருங்கள். யூனிசிம் என்று பலர் இன்னும் சொல்லும் அந்த நிறுவனம் 2017-இல் தன்னாட்சிப் பல்கலைக்கழகமாயிற்று. மாலை வகுப்புகளும் இணையவழிப் பாடங்களும் கலந்து வருவதால், ஷிப்ட் வேலை செய்யும் கணவரோடு நாட்களைப் பங்கிட்டுக்கொள்ள முடியும். சிங்கப்பூரர் என்றால் அரசாங்க மானியம் உண்டு. நாற்பது வயதைக் கடந்த சிங்கப்பூரர்களுக்கு 2024 மே மாதத்தில் வழங்கப்பட்ட 4,000 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் (அரசாங்கத்தின் திறன் வளர்ப்புத் திட்டம்) நிரப்புதொகையும் உங்கள் கணக்கில் இருக்கவேண்டும். அதை அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் உள்ள படிப்புகளுக்கு மட்டுமே செலவிடலாம். முகவரின் 9,500 வெள்ளியை மலிவு என்று நினைக்கும்போது, மானியம், இந்தத் தொகை இரண்டையும் கழித்த உள்ளூர்க் கட்டணத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். காலத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பகுதிநேரப் பட்டத்துக்கு நான்கு ஆண்டுகளாவது பிடிக்கும். பிறகு விண்ணப்பம், பள்ளி அனுபவம், தேசியக் கல்விக் கழகப் பயிற்சி. வகுப்பு உங்கள் பெயரில் வரும்போது வயது நாற்பத்தெட்டை ஒட்டியிருக்கும். நடுவயதில் தொழில் மாறி வருவோரை அமைச்சு ஏற்கத்தான் செய்கிறது. என்றாலும் உங்கள் மூத்த பிள்ளை தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு எழுதும் அடுத்த ஆண்டிலேயே இதைத் தொடங்கவேண்டுமா என்பதைக் கணவரோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். ஓராண்டு தள்ளிவைப்பதால் எதுவும் கெட்டுவிடாது.

இடையில் தமிழறிவைச் சோதித்துக்கொள்ள விரும்பினால், சென்னையில் 1999-இல் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டி எழுந்த திட்டத்தின்படி 2001-இல் தொடங்கிய தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் சான்றிதழ்ப் பாடங்களை முயன்று பார்க்கலாம். அவற்றை வேலைக்கான தகுதியாகக் கருதவேண்டாம். சங்கப் பாடலும் இலக்கணமும் இரவு பத்து மணிக்குமேல் உங்களுக்கு இனிக்கின்றனவா, தூக்கம் வருகிறதா என்று தெரிந்துகொள்ள அதிகச் செலவில்லாத வழி அது.

கடைசிக் கேள்வி, இது வியாபாரமா என்பது. இரண்டுமே நடக்கிறது. உலகம் முழுவதும் 2030-க்குள் இன்னும் 4.4 கோடி ஆசிரியர்கள் தேவை என்று யுனெஸ்கோ 2024-இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. விளம்பரங்கள் அந்த எண்ணைப் பெரிய எழுத்தில் போடுகின்றன. அதே அறிக்கையில் இன்னொரு கணக்கும் உண்டு: தொடக்கப்பள்ளி ஆசிரியர்களில் வேலையை விட்டுப் போவோரின் விகிதம் 2015-இல் ஏறத்தாழ 4.6 விழுக்காடாக இருந்து, 2022-இல் 9 விழுக்காடானது. அதை எந்த விளம்பரத்திலும் நான் பார்த்ததில்லை. ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுபவர்கள் ஊற்றும் வேகத்தைப் பற்றி மட்டுமே பேசுவார்கள். சிங்கப்பூரின் அமைச்சுப் பள்ளிகளில் ஆண்டுக்கு 2 முதல் 3 விழுக்காட்டினரே விலகுகிறார்கள் என்பதற்கு, எடுக்கும் முன்பே பார்த்து எடுப்பதும், சம்பளத்தோடு பயிற்றுவிப்பதும் பெரிய காரணங்கள் என்பது என் கருத்து.

தமிழைப் பொறுத்தவரை குடத்தில் வேறொரு சங்கடம் இருக்கிறது. கிணற்றிலேயே நீர் குறைகிறது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் அதிகமாகத் தமிழ் பேசுவோர் ஐந்து வயதுக்கு மேற்பட்ட குடியிருப்பாளர்களில் 2.5 விழுக்காடு, பத்தாண்டுகளுக்கு முன் அது 3.3 விழுக்காடாக இருந்தது. தேவையோ கூடுகிறது: 2014-இல் தொடங்கிய கல்வி அமைச்சின் பாலர் பள்ளிகள் மூன்று தாய்மொழிகளையும் கற்பிக்கின்றன, தனியார் நிலையங்களிலும் பெற்றோர் தமிழைக் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். இந்த நிலையில் பிள்ளைகளோடு தயங்காமல் தமிழில் பேசிப் பழகிய ஒருவர் ஏழாண்டுகளாகத் துணை ஆசிரியராகவே இருக்கிறார் என்றால், உங்கள் நிலையத்தின் பற்றாக்குறையில் பாதி அங்கேயே கிடக்கிறது. ஓராண்டுகூட நிலைக்காமல் போன அந்த ஆசிரியர்கள் ஏன் போனார்கள் என்று யாராவது அவர்களிடம் கேட்டார்களா? ஒரே ஆள் நான்கு வயதுப் பிரிவுகளுக்கும் ஓடியதாலா, பாடம் தயாரிக்க நேரம் இல்லாததாலா, ஆண்டுவிழாவுக்கு மட்டுமே தமிழ் நினைவுக்கு வந்ததாலா? பட்டம் வாங்கிய பிறகு நீங்களும் அதே காரணத்தால் விலகினால், தலைமையாசிரியர் அடுத்தவரிடம் இதே யோசனையைச் சொல்லிக்கொண்டிருப்பார்.

ஆகவே அவரிடம் ஒருநாள் அரைமணி நேரம் தனியாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பட்டயப் படிப்புக்கு நிலையம் எவ்வளவு தரும், வாரத்தில் எத்தனை மணி நேரம் உங்களை விடுவிக்கும், முடித்ததும் எந்தப் பதவி, என்ன சம்பளம் என்பவற்றை எழுத்தில் கேளுங்கள். பதிலுக்கு இத்தனை ஆண்டுகள் இருப்பேன் என்று நீங்களும் எழுதித் தரலாம். அதோடு, மாதம் ஒருமுறை உங்கள் தமிழ் வகுப்பின் பின்வரிசையில் வந்து உட்கார அனுபவமுள்ள தமிழாசிரியர் ஒருவரை ஏற்பாடு செய்யமுடியுமா என்றும் கேளுங்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் உங்கள் வட்டாரத்திலேயே இருப்பார்கள், அழைத்தால் மறுக்கமாட்டார்கள். முகவர் மறுபடியும் தொலைபேசியில் கூப்பிட்டால், பள்ளிப் பயிற்சி எத்தனை வாரம், அதை சிங்கப்பூரில் மேற்பார்வையிடுபவர் யார், இந்தப் பட்டத்தை பாலர் பருவ மேம்பாட்டு அமைப்பு ஏற்கும் என்று எழுதித் தருவாரா என்ற மூன்றை மட்டும் கேட்டு, பதில்களை எனக்கு அனுப்புங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஒரு தமிழாசிரியர்